எள்ளுத்தாத்தா எங்கே சரணடைந்தார்? ஜார்ஜியா 52ஆம் காலாட்படை வீரர் ஒருவரின் தடம் தேடி

இழையைத் தொடங்கியவர் (அட்லாண்டா)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி வடக்கு ஜார்ஜியாவின் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தாயாரின் எள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையில், ஜார்ஜியாவின் 52ஆம் காலாட்படை ரெஜிமென்டில் பணியாற்றினார் என்று குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவர் கடைசி நாள் வரை போரிட்டு, 1865 ஏப்ரலில் வட கரோலினாவில் தளபதி ஜான்ஸ்டனோடு சரணடைந்து, காலில் செருப்பின்றி நடந்தே வீடு வந்து சேர்ந்தார் என்பது மாமியார் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை.

எங்கள் கையில் இருப்பவை மூன்றுதான். முதலாவது, ஊர்த் தேவாலயக் கல்லறையில் ரெஜிமென்டின் பெயர் பொறித்து நிற்கும், தலைப்பகுதி கூர்மையான பளிங்குக்கல். இரண்டாவது, அவர் 1841இல் பிறந்தவர் என்று காட்டும் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பக்கம். மூன்றாவது, யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நிழற்படம். தேசியப் பூங்காத் துறையின் போர்வீரர் தரவுத்தளத்தில் தேடினால், அதே குடும்பப் பெயரும் அதே முதலெழுத்துகளும் கொண்டவர்கள் ஜார்ஜியாப் படைகளில் நால்வர் கிடைக்கிறார்கள். அவர்களில் இருவர் 52ஆம் ரெஜிமென்டிலேயே, கம்பெனி எனப்படும் வெவ்வேறு உட்பிரிவுகளில் இருந்திருக்கிறார்கள். மிகப் பரவலான பெயர் என்பதால் அதை இங்கே எழுதுவதிலும் பயன் இல்லை. இனி எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ராலே உறுப்பினர்

ஐயா, முதலில் அந்தக் கல்லைக் கொஞ்சம் சந்தேகியுங்கள். கூர்மையான தலைப்பகுதி, அரசு வழங்கிய கான்ஃபெடரேட் கல்லறைக்கல்லின் வடிவம். தனியார் கல்லறைகளில் இருக்கும் கான்ஃபெடரேட் வீரர்களுக்கும் அரசுச் செலவில் கல் வழங்கலாம் என்ற சட்டமே 1929இல்தான் வந்தது. எனவே உங்கள் முன்னோர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, பேரனோ கொள்ளுப்பேரனோ விண்ணப்பித்து அந்தக் கல்லை நட்டிருக்க வேண்டும். அதில் பொறித்திருப்பது அந்த விண்ணப்பதாரர் நம்பியதைத்தான் காட்டும். வீரர் செய்ததைக் காட்டாது. கல்லுக்கான விண்ணப்ப அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பித்தவரின் பெயரும் முகவரியும் அவற்றில் இருக்கும் என்பதால் அதையும் தேடி எடுங்கள்.

அடுத்தது, தொகுக்கப்பட்ட பணிப்பதிவு. இது எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் படிப்பது எளிதாகும். போர் முடிந்தபோது, கான்ஃபெடரேட் தலைமை நிர்வாக அதிகாரி சாமுவேல் கூப்பர், வட கரோலினாவின் ஷார்லட் நகரில் தம்மிடம் எஞ்சியிருந்த ஆவணங்களை எரிக்காமல், எதிர்த்தரப்பான வடக்கின் ஒன்றியப் படையிடம் ஒப்படைத்தார். 1903 முதல் போர்த்துறை எழுத்தர்கள் அவற்றையும், பிடிபட்ட வீரர்களைப் பற்றி ஒன்றியப் படையே எழுதி வைத்திருந்த ஏடுகளையும் பிரித்து, ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனி அட்டையில் படியெடுத்து, ஆள்வாரியாக உறைகளில் இட்டார்கள். ஆகவே ஓர் உறைக்குள் இருப்பது ஒரு வரலாறு அன்று; இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பட்டியல்களில் ஓர் ஆளைப் பற்றி எழுதப்பட்ட ஒற்றை வரிகளின் தொகுப்பு. எழுத்தர் கைதவறி ஒருவரின் அட்டையை மற்றவரின் உறையில் போட்டிருப்பதும் உண்டு. எனவே அந்த இரண்டு பேரின் உறைகளையும் முழுவதுமாக, ஓர் அட்டை விடாமல் எடுத்துப் படியுங்கள்.

ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 52ஆம் ரெஜிமென்ட், பார்ட்டன் பிரிகேடின் பகுதியாக, மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகர் முற்றுகையில் இருந்தது. 1863 ஜூலை 4இல் அந்நகர் வீழ்ந்தபோது ஏறத்தாழ 29,000 வீரர்கள், எதிர்த்தரப்புக் கைதிகளுக்கு ஈடாக மாற்றிக்கொள்ளப்படும் வரை மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் பரோலில் விடுவிக்கப்பட்டார்கள். அச்சிட்ட அந்த உறுதிமொழிச் சீட்டில் ஒவ்வொருவரும் தாமே கையெழுத்திட்டார்கள், அல்லது பெருக்கல் குறி இட்டார்கள். பல உறைகளில் அந்த மூலச்சீட்டே இருக்கிறது. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நாஷ்வில் உறுப்பினர்

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஆளைவிட்டு வீட்டிலிருந்து தொடங்குவேன். கான்ஃபெடரேட் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியில்), பல சமயம் ஒரே ஊர்ப்புறத்தில் திரட்டப்பட்டவை. அண்ணன் தம்பியும் பங்காளிகளும் மைத்துனர்களும் ஒன்றாகவே பெயர் கொடுத்தார்கள். 1860 கணக்கெடுப்பில் அவருடைய வீட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பத்துப் பத்து வீடுகளை எழுதிக்கொண்டு, இரண்டு கம்பெனிகளின் பெயர்ப்பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். எந்தக் கம்பெனியில் அண்டை வீட்டார் நிறைந்திருக்கிறார்களோ அதுவே பெரும்பாலும் அவருடைய கம்பெனியாக இருக்கும்.

1850க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும் என்பதையும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் முதன்முறையாக எழுதப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். 1870 பக்கத்தில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனை மகன் என்று எழுதிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். 1890 கணக்கெடுப்பு 1921ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. முன்னோர் 1910 வரை உயிரோடு இருந்திருந்தால் அவ்வாண்டுப் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். கான்ஃபெடரேட் தரைப்படையில் இருந்து உயிரோடிருப்பவர்களுக்கு அங்கே இரண்டு எழுத்துகளில் குறியிட்டிருப்பார்கள்.

ஜார்ஜியாவுக்கென்று தனியாக ஓர் ஆவணமும் உண்டு. ஆளுநர் ஜோசப் பிரவுன் 1864இல் மாநிலப் படையைச் சீரமைப்பதற்காக, அப்போது கான்ஃபெடரேட் பணியில் இல்லாத 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களைக் கணக்கெடுத்தார். உங்கள் எள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் இருந்தால், அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் படையில் இல்லை, ஊரில் இருந்தார் என்று பொருள்.

டெட்ராய்ட் உறுப்பினர்

இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா 1861 ஜனவரியில் பிரிந்தபோது வெளியிட்ட காரண அறிக்கை, இரண்டாம் வாக்கியத்திலேயே ஆப்பிரிக்க அடிமை முறையைக் குறிப்பிட்டுத் தொடங்குகிறது. அந்தப் படையில் இருந்த ஒருவரின் தடத்தை இத்தனை அக்கறையோடு தேடுவது எதற்காக? அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்களா என்ற கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இழையைத் தொடங்கியவர்

நேர்மையான கேள்வி. அவரைக் கொண்டாடுவதற்காக நான் தேடவில்லை. என் மகள் அவருடைய வழியில் வந்தவள். அவளிடம் ஒரு கதையைச் சொல்லப்போகிறோம் என்றால் அது நடந்ததாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அடிமைகள் இருந்தார்களா என்ற கேள்வியை நான் கேட்காமல் விட்டது உண்மைதான். மலைநாட்டு ஏழை விவசாயக் குடும்பம் என்று சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

இழையைத் தொடங்கியவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

இரண்டு உறைகளையும் எடுத்துவிட்டேன். நாஷ்வில் நண்பர் சொன்னபடியே, ஒரு கம்பெனியில் அண்டை வீட்டார் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் எங்கள் எள்ளுத்தாத்தாவின் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள். மற்றொரு கம்பெனியில் இருந்தவர் விக்ஸ்பர்க் சீட்டில் பெருக்கல் குறி இட்டிருக்கிறார். நம்மவர் தம் பெயரைத் தெளிவாக, கடைசி எழுத்தின் வாலைச் சற்று நீட்டி எழுதியிருக்கிறார். 1863இல் முற்றுகையில் பட்டினி கிடந்து எழுந்த ஒரு கை எழுதிய எழுத்தைப் பார்த்தபோது, கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

அவருடைய உறையில் மொத்தம் 14 அட்டைகள். 1862 மார்ச்சில் சேர்ந்திருக்கிறார். அந்த ஆண்டு முழுவதும் பணியில் இருக்கிறார். விக்ஸ்பர்க்கில் பரோல். அதன் பிறகு இரண்டு வருகைப் பட்டியல்களில் ‘அனுமதியின்றி வரவில்லை’ என்ற குறிப்பு. கடைசி அட்டை ஒன்றியப் படையின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1864இல் டென்னசியின் சட்டனூகாவில் ஒன்றியப் படையிடம் வந்து சேர்ந்த ‘படையை விட்டோடியவர்’ என்றும், கென்டக்கியின் லூயிவில் நகரில் விசுவாச உறுதிமொழி எடுத்தபின், போர் முடியும் வரை ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே தங்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறது. நிறம் சிவப்பு, முடி கறுப்பு, கண்கள் சாம்பல், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்.

ஆக, 1865இல் அவர் வட கரோலினாவில் இல்லை. மாமியாரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அந்தச் செருப்பில்லாத நடை எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் விடை தெரியவில்லை.

ராலே உறுப்பினர்

மாமியார் வருந்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘படையை விட்டோடியவர்’ என்ற அந்தச் சொல்லை இன்றைய காதால் கேட்கக் கூடாது. விக்ஸ்பர்க்கில் விடுவிக்கப்பட்டவர்கள் முறையாக மாற்றிக்கொள்ளப்பட்டுவிட்டார்கள் என்று கான்ஃபெடரேட் தரப்பு 1863 செப்டம்பரில் தானாகவே அறிவித்தது. ஒன்றியத் தரப்பு அதை ஏற்கவில்லை. உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்திட்ட ஒருவர், மீண்டும் அழைக்கப்பட்டபோது தாம் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று நினைத்திருந்தால் அதில் நியாயம் இருந்தது. வடக்கு ஜார்ஜியா மலைகளில் பிரிவினைக்கு எதிரான மனநிலை தொடக்கம் முதலே வலுவாக இருந்தது. 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது; அதே ஆண்டு அக்டோபரில், 20 அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளை ஆண் வீதம் விலக்கு அளிக்கப்பட்டது. மலைநாட்டில் அத்தகைய தோட்டம் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண வீரனின் மாதச் சம்பளம் 11 டாலர். அதுவும் மதிப்பிழந்து வந்த கான்ஃபெடரேட் தாளில். 1863 டிசம்பரில் லிங்கன் பொதுமன்னிப்பு அறிவித்த பிறகு, எல்லைக்கோட்டைத் தாண்டி வருவதற்கு ஒரு வழியும் திறந்தது.

இத்தகையவர்கள் அரியவர்களும் அல்லர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான ஓய்வூதியத்தைக் கடைசியாகப் பெற்றுவந்த ஐரீன் டிரிப்லெட் 2020இல் இறந்தார். மாதம் 73 டாலர் 13 சென்ட் பெற்றுவந்தார். அவருடைய தந்தை மோஸ் டிரிப்லெட் வட கரோலினாவின் கான்ஃபெடரேட் படையிலிருந்து விலகி ஒன்றியப் படையில் சேர்ந்தவர். அந்த ஓய்வூதியம் மகளுக்குக் கிடைத்ததே அவ்வாறு விலகிச் சேர்ந்ததனால்தான்.

உங்களவருடைய பெயர் ஒன்றியப் படைப் பதிவுகளில் இருக்கிறதா என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள். அதன் பிறகு ஓய்வூதியக் கோப்பு. மாமியாரின் கேள்விக்கு விடை அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் இப்போது சொல்ல மாட்டேன்.

நாஷ்வில் உறுப்பினர்

கான்ஃபெடரேட் ஓய்வூதியத்தை மத்திய அரசு தரவில்லை, அந்தந்த மாநிலங்களே தந்தன. அதுவும் போரிட்ட மாநிலம் அன்று, விண்ணப்பித்தபோது குடியிருந்த மாநிலம். குடும்பம் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்திருந்தால் அங்கேதான் தேட வேண்டும். ஜார்ஜியா 1894இல் ஏழ்மையில் வாடிய முன்னாள் வீரர்களுக்கும் ஓய்வூதியத்தை விரிவாக்கியது. கணவரை இழந்தவர்களுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. விண்ணப்பத்தைக் கவுண்டியில் ஆர்டினரி எனப்பட்ட நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். உடன் பணியாற்றியவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அச்சிட்ட படிவத்தில், உங்கள் படை எங்கே சரணடைந்தது, நீங்கள் அப்போது உடனிருந்தீர்களா, இல்லையென்றால் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விகள் இருக்கும். படையை விட்டோடியவருக்கு ஓய்வூதியம் இல்லை என்பதால், அந்தக் கேள்விகளுக்குத் தந்த விடைகளை மிகுந்த கவனத்தோடு படியுங்கள்.

எங்கள் டென்னசியில் இதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. 1914–15இலும் 1920–22இலும் மாநிலத்தின் சார்பில் முன்னாள் வீரர்களுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பினார்கள். உங்கள் தந்தைக்கு எவ்வளவு நிலம் இருந்தது, அடிமைகள் இருந்தார்களா, அடிமை வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களைச் சமமாக நடத்தினார்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஜார்ஜியாக்காரர் ஒருவர் பிற்காலத்தில் டென்னசியில் குடியேறியிருந்தால் அவருக்கும் அந்தத் தாள் போயிருக்கலாம் என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

இழையைத் தொடங்கியவர்

ராலே ஐயா சரியாகவே கணித்திருந்தார். இரண்டு விண்ணப்பங்கள் கிடைத்தன.

முதலாவது அவரே 1890களின் பிற்பகுதியில் கொடுத்தது. படை எங்கே சரணடைந்தது என்ற கேள்விக்கு ‘வட கரோலினா, கிரீன்ஸ்பரோ’ என்று எழுதியிருக்கிறார். உடனிருந்தீர்களா என்பதற்கு ‘இல்லை’. எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ‘நோயுற்று, அனுமதியோடு வீட்டில்’. கீழே அதே நீண்ட வால் கொண்ட கையெழுத்து, சற்றே நடுங்கியபடி. சாட்சி சொன்ன இருவரும் மனைவியின் உடன்பிறந்தவர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது, காரணம் எழுதப்படவில்லை.

இரண்டாவது, அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி கொடுத்தது. அதே கேள்விக்கு எழுத்தரின் கையில் இவ்வாறு இருக்கிறது: கணவர் சரணடைவு வரை ரெஜிமென்டோடு இருந்தார், கிரீன்ஸ்பரோவில் பரோல் பெற்றார், அங்கிருந்து காலணியின்றி நடந்து வீடு வந்தார். இந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது. மாமியார் சொல்லும் கதையில் உள்ள மூன்று செய்திகளும், அதே வரிசையில், அந்த மூன்று வரிகளில் இருக்கின்றன. குடும்பக் கதை போர்க்களத்திலிருந்து வரவில்லை. ஆர்டினரியின் மேசையிலிருந்து வந்திருக்கிறது.

கணவரை இழந்து, நிலமும் கடனில் போன ஒரு மூதாட்டி, மற்றவர்கள் பெறும் சிறு தொகையைத் தாமும் பெறுவதற்காக அதைச் சொல்லியிருக்கிறார்; ஒருமுறை சத்தியம் செய்து சொன்னதைப் பேரப்பிள்ளைகளிடம் மாற்றிச் சொல்லவும் முடியாமல் போயிருக்கும். பொய் என்று அதை எழுத எனக்கு மனம் வரவில்லை, மெய் என்று எழுதவும் முடியாது. கல்லுக்கு விண்ணப்பித்தவர், அந்தப் பாட்டியின் மடியில் வளர்ந்த பேரன்.

டெட்ராய்ட் நண்பரின் கேள்விக்கும் விடை கிடைத்தது. 1860ஆம் ஆண்டு அடிமைகள் அட்டவணையில் வீரருடைய தந்தையின் பெயருக்குக் கீழே மூன்று வரிகள் இருக்கின்றன: பெண், வயது 34, ஆண், வயது 12, பெண், வயது 5. பெயர்கள் இல்லை. வீரருக்கு அப்போது வயது 19. அந்த வீட்டில்தான் இருந்தார்.

பர்மிங்ஹாம் உறுப்பினர்

என் கணவரின் குடும்பம் அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினக் குடும்பம். நாங்கள் இதே தேடலை மறுபக்கத்திலிருந்து செய்துவருகிறோம் என்பதால் எழுதுகிறேன். 1850, 1860 அட்டவணைகளில் உடைமையாளரின் பெயர் மட்டும்தான் இருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டுமே இருப்பார்கள். விடுதலை பெற்றவர்கள் பெயரோடும் குடும்பப் பெயரோடும் கணக்கெடுப்பில் வருவது 1870இல்தான். அதற்கு முன்னே செல்ல எங்களுக்கு வழி அடைபட்டுப் போகிறது; திறக்கும் சாவி பெரும்பாலும் உங்களைப் போன்ற குடும்பங்களின் ஆவணங்களில்தான் கிடக்கிறது.

அந்தத் தந்தை எப்போது இறந்தார்? 1865க்கு முன் என்றால், உயிலோ சொத்து மதிப்பீட்டுப் பட்டியலோ கவுண்டி நீதிமன்றத்தில் இருக்கும். மாடு, ஏர், கட்டில் ஆகியவற்றோடு மனிதர்களும் பெயரும் விலையுமாக அதில் எழுதப்பட்டிருப்பார்கள். படிக்கக் கடினமான பக்கம் அது, மனத்துக்கும். பிறகு, விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த விடுதலை பெற்றோர் பணியகத்தின் கூலி ஒப்பந்தங்கள், 1867ஆம் ஆண்டு வாக்காளர் உறுதிமொழிப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு 1867இல் 19 வயதுதான் என்பதால் வாக்காளர் ஏட்டில் அவன் இருக்க மாட்டான்; அவனுடைய தந்தை வேறொரு பண்ணையில் இருந்திருந்தால், அவர் இருக்கலாம். விடுதலைக்குப் பிறகு எல்லோரும் கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். முந்தைய உடைமையாளரின் பெயரை வைத்தவர்களும், தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும் பலர்.

பெயர்கள் கிடைத்தால் உங்கள் குடும்ப மரத்தோடு சேர்த்துப் பொதுவில் வெளியிடுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இழையைத் தொடங்கியவர் (இரண்டு மாதங்களுக்குப் பின்)

தந்தை 1862இல், மகன் படையில் இருந்தபோது இறந்திருக்கிறார். கவுண்டி நீதிமன்றத்தில் மதிப்பீட்டுப் பட்டியல் இருந்தது. மாமியாரும் உடன் வந்தார். இரண்டு குதிரைகளுக்கும் ஒரு நூற்பு இராட்டைக்கும் இடையே மூன்று முதற்பெயர்கள், எதிரே டாலர் தொகைகள். மாமியார் அந்தப் பெயர்களைத் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். விலைகளை எழுதவில்லை, நான் எழுதிக்கொண்டேன்.

1870 கணக்கெடுப்பில் வீரரின் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், பட்டியலில் உள்ள அதே முதற்பெயர் கொண்ட கறுப்பினப் பெண் ஒருவர், வயது 44, குடும்பத் தலைவராக இருக்கிறார். உடன் 15 வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய பெயரும் பொருந்துகிறது. இளைஞனைக் காணவில்லை. குடும்பப் பெயர் வேறு. அதன் இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் மை படர்ந்து கிடப்பதால், தேடுதளத்தின் அட்டவணையில் ஒருவிதமாகவும் என் கண்ணுக்கு வேறுவிதமாகவும் தெரிகின்றன. அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன், 23ஆம் வரி. அக்கால எழுத்தர்களின் கையெழுத்துக்குப் பழகிய கண்ணுடையவர்கள் அந்தப் பெயரைப் படித்துச் சொல்ல முடியுமா?